குறிப்புக் கட்டத்தில் ஓர் இதயம்

உ
முருகன் துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்
6.1.2025, திங்கள்

கிள்ளானில் இருக்கும் திருமதி ராஜினி அவர்களுக்கு,

யோகாம்பிகை எழுதுவது. ஒன்பது வருடத்துக்கு முன் உங்கள் அம்மாவின், அதாவது என் மாமியின், செத்தவீட்டில் அத்தனை சனத்துக்கு முன்னால் நீங்கள் சொன்ன சொல்லைக் கேட்டு, இனி இந்த வாயால் உங்களோடு பேசமாட்டேன் என்று கந்தசுவாமி மேல் ஆணையிட்டேன். அந்த ஆணை அப்படியே இருக்கிறது. எழுதமாட்டேன் என்று ஆணையிடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் உங்கள் வீட்டில் இருப்பது என் விருப்பத்தினால் அல்ல. எங்கள் வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. பைபாஸ் செய்தவர் ஆறு வாரத்துக்கு அத்தனை படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் வீடு தரையோடு இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வேறு போக்கிடமும் இல்லை. நானும் கூட வந்திருக்கலாம். ஆனால் ஒரே வீட்டுக்குள், ஒரே அடுப்படியில், பேசாமல் எப்படி இருப்பது?

அவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை. தினமும் போனில் கூப்பிடுகிறேன், "நல்லா இருக்கேன்" என்கிறார். ஐ.சி.யூ.வில் வாயிலிருந்து குழாயை எடுத்த மறுநிமிடமும் அதைத்தான் சொன்னார். அதனால் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவர் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முருகா சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் முருகாவும் அவர் துடிப்பும் ஒத்துப்போகவில்லை. ஒரு முருகா சொல்லி முடிப்பதற்குள் மூன்று துடிப்பு வந்தது. அடுத்த முருகாவுக்கு ஒன்றுமே வரவில்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகத் துடிக்காமல் சும்மா நடுங்குகிறது, பைபாஸ் செய்தவர்களில் பலருக்கு வரும் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், மறுநாள் சரியாயிற்று. ஆனால் அது திரும்ப வரலாம். வந்ததைக் கவனிக்காமல் நாள்கணக்கில் விட்டால் நடுங்குகிற அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம், இல்லாவிட்டால் உயிரே போகும். டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

ஆகையால் கோடு போட்ட தாள்கள் அனுப்பியிருக்கிறேன். தேதி, காலை மாலை, பிரஷர் மேல் எண், கீழ் எண், மெஷின் காட்டும் துடிப்பு, கையால் ஒரு முழு நிமிடம் எண்ணிய துடிப்பு, கடைசியில் குறிப்பு. ஒரு கட்டமும் விடக்கூடாது. பிரஷர் மெஷினை அவர் பையில் வைத்திருக்கிறேன். அதன் பெட்டியும் புத்தகமும் என்னிடம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் ஒரு வாரம் தாண்டி இருந்ததில்லை.

கீழ் வீட்டுக் கமலநாதன் தினமும் கொமியூட்டர் ரயிலில் கிள்ளான் கடைக்கு வேலைக்குப் போகிறவர். கடிதங்கள் அவர் கையில் வரும், அவர் கையிலேயே திரும்பட்டும்.

இப்படிக்கு,
யோகாம்பிகை சண்முகரத்தினம்

*

கிள்ளான்
8 ஜனவரி

மச்சாள்,

ஒன்பது வருஷம் கழிச்சு உங்க கையெழுத்தைப் பாக்கிறேன். திருமதி ராஜினி அவர்களா? பேங்க்காரன்கூட எனக்கு இவ்வளவு மரியாதையா எழுதினது இல்லைலா.

கமலநாதன் பாவம், கடிதத்தை நீட்டிட்டு ரெண்டு அடி பின்னால போய் நிக்கிறார். "அக்கா, உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது"ன்னு கேக்காமலே சொல்றார். தேத்தண்ணி குடுத்து அனுப்பினேன்.

அண்ணன் நல்லாத்தான் இருக்கார். காலைல கேட் வரைக்கும் நடை, சாயங்காலம் பக்கத்து வீட்டு அங்கிளோட அரசியல். நெஞ்சுல தலைகாணியை அணைச்சுக்கிட்டுத்தான் இருமுறார், நர்ஸ் சொன்ன மாதிரி. உப்பு இல்லாத சொதியைக் குடிச்சுட்டு, "யோகம் வைக்கிற மாதிரி இல்ல"ன்னு முகத்தைச் சுளிக்கிறார். யோகம் வைக்கிறதுலயும் உப்பு இருக்காதுன்னு அவருக்கு ஞாபகம் இல்ல.

தாள் நிரப்புறேன். ஸ்கூல் ஆபீஸ்ல முப்பது வருஷம் ரெஜிஸ்டர் எழுதினவ நான். கட்டம் நிரப்ப எனக்குச் சொல்லித் தர வேணாம். கையால எண்ணும்போது எனக்கு முருகா வரலை, நான் அண்ணா அண்ணான்னுதான் எண்ணினேன். எழுபத்திரண்டு அண்ணா. மெஷினும் எழுபத்திரண்டு. போதுமா?

கவலைப்படாதீங்க.

ராஜினி

*

உ
முருகன் துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்
10.1.2025, வெள்ளி

திருமதி ராஜினி அவர்களுக்கு,

தாள் கிடைத்தது. எண்கள் ஒழுங்காக இருக்கின்றன. நன்றி.

ஒன்று மட்டும். "கவலைப்படாதீங்க" என்று எனக்கு எழுத வேண்டாம். மாமி கடைசியாகப் படுத்திருந்த அன்றைக்குக் கந்தசஷ்டி ஐந்தாம் நாள், கோவில் வாசலில் நின்று உங்களுக்குப் போன் போட்டேன். மாமிக்கு எப்படி, நான் வரட்டுமா என்று கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, கவலைப்படாம விரதத்தை முடிச்சுட்டு வாங்க" என்றீர்கள். விடியற்காலையில் மாமி போய்விட்டார். நான் ஓடி வந்தால், "சாமிக்கு ஆறு நாள் குடுத்தவ மாமிக்கு ஆறு நிமிஷம் குடுக்கல" என்றீர்கள்.

நான் அதை மறக்கிற ஆள் இல்லை. எனக்கு ஆறுதல் வேண்டாம். எண் போதும்.

யோகாம்பிகை

*

கிள்ளான்
15 ஜனவரி, புதன்

மச்சாள்,

பொங்கல் வாழ்த்து. தப்பா எடுத்துக்காதீங்க, வாழ்த்துதான், ஆறுதல் இல்ல.

தாள் உள்ள இருக்கு. பொங்கல் அன்னிக்குக்கூட ரெண்டு வேளையும் பாத்தேன். அண்ணனுக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரைப் பொங்கல்தான் குடுத்தேன், மூணாவதுக்குக் கெஞ்சினார், தரலை. ரெண்டு மூணு நாளா கொஞ்சம் களைப்பு. வயித்துல காத்துன்றார். மலாய்க்காரங்க சொல்ற ஆங்கின்தான், வேறென்ன? தைலம் தேய்ச்சு விட்டேன், ஏப்பம் வந்துச்சு, சரியாப்போச்சு.

பத்துமலைக்குத் தைப்பூசத்துக்குப் போகணும்னு இப்பவே கணக்குப் போடுறார். படி ஏற முடியாது, கீழ நின்னு கும்பிட்டுட்டு வரணுமாம். நீங்க சொன்னாத்தான் கேப்பார்.

ராஜினி

*

உ
முருகன் துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்
16.1.2025, வியாழன்

திருமதி ராஜினி அவர்களுக்கு,

தாளைப் பார்த்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன்.

குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்தது தலைச்சுற்று, மூச்சுத் திணறல் ஏதும் இருந்தால் எழுத. நீங்கள் பதின்மூன்றாம் தேதி மாலையிலிருந்து அதில் இதயம் வரைந்திருக்கிறீர்கள். சின்னதாக, நேர்த்தியாக, இரண்டு பக்கமும் வளைவுக் கோடு வேறு. நான்கு கட்டத்திலும்! இது என்ன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நோட்டில் போடுகிற வேலையா? அண்ணன் மேல் உங்களுக்குப் பாசம் இருக்கிறது என்று எனக்குக் காட்டவா? நான் இங்கே தனியாக உட்கார்ந்து எண்களைப் பார்த்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் விளையாடுகிறீர்கள்.

இன்னொன்று. முதல் வாரம் 72, 74, 71 என்று நடந்த துடிப்பு இப்போது 98, 76, 104, 83 என்று குதிக்கிறது. அதே நாளிலிருந்து கையால் எண்ணும் கட்டம் காலி. ஏன் என்று எழுதவும். உடனே.

யோகாம்பிகை

*

கிள்ளான்
17 ஜனவரி

மச்சாள்,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். அறுபது வயசுல எனக்கு என்ன விளையாட்டு? ரெஜிஸ்டர்ல நான் ஒரு புள்ளிகூடச் சொந்தமா வச்சதில்ல.

அந்த இதயத்தை நான் வரையல. மெஷின் போடுது. எண் எல்லாம் வந்து நின்னதும் ஓரத்துல அந்தப் படம் வந்து நிக்குது. முதல் வாரம் வரலை, இப்ப ஒவ்வொரு தடவையும் வருது. பாஸ் மார்க் மாதிரி, இதயம் நல்லா இருக்குன்னு மெஷினே சொல்லுதுன்னு நினைச்சேன். அண்ணன்கிட்ட காட்டினேன், அவருக்கும் சந்தோஷம். உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்னுதான் பாத்துப் பாத்து வரைஞ்சேன்.

கையால எண்ணுறதை விட்டது உண்மைதான். எண்ணினா தப்புத் தப்பா வருது. அண்ணான்னு ஒண்ணு சொல்றதுக்குள்ள ரெண்டு வந்துடுது, அப்புறம் காணோம், அப்புறம் திரும்பவும் மூணு. எனக்கு விரல் வைக்கத் தெரியலைன்னு விட்டுட்டேன். உங்களை மாதிரி எனக்குப் பக்தி இல்லையே.

இனிமே படம் போடலை. எண் மட்டும் எழுதுறேன்.

ராஜினி

*

உ
முருகன் துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்
18.1.2025, சனி

திருமதி ராஜினி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கமலநாதன் நேற்றே கொண்டுவந்து வைத்திருந்தார். வீட்டில் விருந்தாளிகள், மறந்துவிட்டேன் அக்கா என்று இன்றைக்கு மத்தியானம்தான் படியேறி வந்து தந்தார். நீங்கள் அழுதீர்கள் என்பதைப் படித்தேன். என் வார்த்தை கூடிப்போயிருந்தால்

அதை அப்புறம் எழுதுகிறேன். கையால் எண்ணுவது பற்றி நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு தடவை வாசித்தேன். மெஷினின் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். பதினோராம் பக்கத்தில் நீங்கள் போட்ட படம் இருக்கிறது. அச்சு அசல், இரண்டு பக்கமும் வளைவுக் கோட்டோடு. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், கீழே மலாயில் போட்டிருக்கிறான். டெகுபான் ஜந்தோங் தீடாக் தெராத்தூர். டெகுபான் துடிப்பு. ஜந்தோங் இதயம். தெராத்தூர் என்றால் ஒழுங்கு. தீடாக் என்றால்

*

ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி பெஞ்ச்
19 ஜனவரி, ஞாயிறு காலை

மச்சாள்,

நீங்க என் பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. நடுவுல ஒரு ஹேண்ட்பேக் தூரம். ரெண்டு தடவை பேசிப் பாத்தேன், நீங்க கதவையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. சரி. உங்க தாளோட பின்பக்கத்துல எழுதுறேன், படிச்சுட்டுத் திருப்பிக் குடுங்க.

நேத்து ரெண்டு மணிக்கு அண்ணன் போன் அடிச்சுது. அவர் படுத்திருந்தார், நான் எடுத்தேன். ஹலோ சொல்ல வாயைத் திறக்குறதுக்குள்ள உங்க குரல். "அவரை நடக்க விடாதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அந்தப் படம் நல்லதில்லை." அவ்வளவுதான். ஒன்பது வருஷமா கேக்காத குரல். போனை வச்சுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

கிள்ளான்ல ஈ.சி.ஜி. எடுத்துட்டு, ஆபரேஷன் பண்ணின இடத்துக்கே போங்கன்னு ராத்திரியோட இங்க அனுப்பிட்டாங்க. இப்ப வந்த இளவயசு டாக்டர் சொன்னது: அஞ்சு நாளாவே இதயம் தாறுமாறா ஓடியிருக்கு. உடனே கரண்ட் குடுத்துச் சரிபண்ண முடியாது. இத்தனை நாள் ஆனதால உள்ள ரத்தக்கட்டி இருக்கலாம், இருந்து கரண்ட் குடுத்தா அது கிளம்பி மூளைக்குப் போயிடும். நாளைக்குக் காலைல வாய் வழியா குழாய் விட்டு உள்ள பாப்பாங்க. கட்டி இல்லைன்னா உடனே கரண்ட். இருந்தா வாரக்கணக்குல மருந்து, அதுக்குள்ள என்ன ஆகும்னு சொல்ல முடியாது.

ஒண்ணு நான் உங்களுக்கு எழுதலை. செவ்வாய்க்கிழமை குளியலறையில அண்ணன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கண்ணு இருட்டுதுன்னார். "யோகத்துக்கு எழுதாதே, உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவா"ன்னார். நான் எழுதலை.

*

19.1.2025

படித்தேன்.

மறைத்தது தவறு. ஆனால் முழுப் பழியும் உங்களுடையது இல்லை. புத்தகத்தை உங்களிடம் கொடுத்திருந்தால் பதின்மூன்றாம் தேதியே தெரிந்திருக்கும். தொலைத்துவிடுவீர்கள் என்று நான்தான் எடுத்துப் பூட்டி வைத்தேன். அலமாரியில் பத்திரமாக இருந்தது. யாருக்குப் பிரயோசனம்?

பேசாமல் இருப்பது கோபத்தினால் அல்ல. நேற்று ஆணையை உடைத்தேன். கந்தசுவாமி மேல் இட்ட ஆணை. மூன்று வாக்கியம் பேசினேன். பேசாமல் இருந்தால் அவர் போய்விடுவார், பேசினேன். இப்போது அதற்குக் கந்தசுவாமி இவர் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்வாரோ என்று இருக்கிறது. நாளைக்கு அந்தக் குழாய் உள்ளே போகும்போது கட்டி இருக்கிறது என்று சொன்னால், அது என் வாயால் வந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசி அதைக் கூட்டமாட்டேன். நீங்கள் சிரிக்கலாம்.

*

20 ஜனவரி, திங்கள், காலை 8.40

மச்சாள்,

சிரிக்கலை.

அண்ணனை உள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போது அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? "ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி சீட்டு எழுதிக்கிட்டு இருக்கீங்க. டாக்டர், முதல்ல இவங்க ரெண்டு பேருக்கும் கரண்ட் குடுங்கலா." பக்கத்துல நின்ன தமிழ் நர்ஸ் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

இப்ப கதவு சாத்தியாச்சு. இதை இப்பவே எழுதணும். நல்ல சேதி வந்தப்புறம் எழுதினா அது சந்தோஷத்துல சொன்னதா ஆயிடும். கெட்ட சேதி வந்தா எழுதவே மாட்டேன்.

கந்தசஷ்டி அஞ்சாம் நாள் நீங்க போன் போட்டப்போ அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு அதைப் பாத்துக்கிட்டேதான் நல்லாத்தான் இருக்காங்கன்னு சொன்னேன். உங்களை ஏமாத்த இல்ல. நான் நல்லாத்தான் இருக்காங்கன்னு சொல்லிட்டா அது அப்படியே ஆயிடும்னு ஒரு நம்பிக்கை. உங்களுக்கு முருகா மாதிரி, எனக்கு அது. அம்மா போனதும் எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க, ஏன் மருமகளுக்குச் சொல்லலைன்னு. அந்தப் பழியைத் தூக்க முடியலை. உங்க தலையில வச்சேன். அத்தனை பேர் முன்னால.

அண்ணன் விஷயத்துலயும் அதையேதான் பண்ணியிருக்கேன். மெஷின்ல ஒரு இதயம் தெரிஞ்சதும் நல்லதுன்னு பிடிச்சுக்கிட்டேன்.

மன்னிப்புக் கேக்குறேன். நீங்க பதில் எழுத வேணாம்.

அப்புறம் உங்க ஆணை. அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கு: "இந்த வாயால உன்னோட பேச மாட்டேன்." சனிக்கிழமை நீங்க என்னோட பேசலை மச்சாள். நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். நான் ஒரு ஹலோகூடச் சொல்லலை. போனை வைக்கும்போதுகூட ஒரு "ம்" இல்ல. பேச்சுன்னா ரெண்டு பேர் வேணும். முப்பது வருஷம் ரெஜிஸ்டர் எழுதினவ சொல்றேன், அதைப் பேச்சுன்னு எந்தக் கட்டத்துலயும் எழுத முடியாது.

கதவு திறக்குது

*

உ
முருகன் துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்
23.1.2025, வியாழன்

அன்புள்ள ராஜினி,

கமலநாதன் உங்கள் இருவரையும் காரில் கிள்ளானில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, "அக்கா, அண்ணர் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார்" என்று சொன்னார். சொன்ன கையோடு, இந்தக் கடிதம்தான் கடைசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும்.

கட்டி இல்லை என்று டாக்டர் வந்து சொன்னபோது நீ என் கையைப் பிடித்தாய். நான் இழுத்துக்கொள்ளவில்லை. அதைக் கவனித்திருப்பாய். கரண்ட் கொடுத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். அவர் நெஞ்சில் இரண்டு இடம் சிவந்திருந்தது. மானிட்டரை நான் பார்க்கவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்தேன். முருகா, ஒன்று. முருகா, ஒன்று. முருகா, ஒன்று. ஒரு முழு நிமிடம். அறுபத்தெட்டு. ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகு, யாருக்கும் கேட்காமல், ஒரு நிமிடம் அண்ணா அண்ணா என்றும் எண்ணிப் பார்த்தேன். அதற்கும் அறுபத்தெட்டுத்தான் வந்தது. நீ விரல் வைத்தது சரி. உனக்கு வந்த எண்ணும் சரி. தப்பு உன் பக்தியில் இல்லை.

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். மாமியைப் பற்றி எழுதியதற்குப் பதில் வேண்டாம் என்றாய். சரி, எழுதவில்லை. ஆனால் ஒன்பது வருடமாக நான் வராத குற்றத்தை நானும் சுமந்துகொண்டுதான் இருந்தேன். அதை நீ வந்து வாங்கிக்கொண்டாய். அது எனக்கு எத்தனை பெரிது என்று உனக்குத் தெரியாது.

ஆணை விஷயம். ஐயரிடம் கேட்கவில்லை. கேட்டால் பரிகாரம் சொல்வார், செய்துவிட்டு வந்துவிடலாம், அது சுலபம். நேற்றுக் கோவிலில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து நேராகக் கந்தசுவாமியிடமே சொன்னேன். கோபத்தில் உன் பேரை இழுத்தது என் பிழை. உன் பேரைச் சொல்லி ஒரு மனுஷியோடு பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை. இந்த ஆணையை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன், தண்டனை இருந்தால் என்னோடு வைத்துக்கொள், அவர் இதயத்தில் வைக்காதே என்றேன். பதில் ஒன்றும் இல்லை. ஆனால் வெளியே வரும்போது நெஞ்சு பாரமாக இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

நீ பேச்சைப் பற்றிச் சொன்ன நியாயத்தையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். முப்பது வருட ரெஜிஸ்டர்க்காரி சொல்கிறாள் என்றேன். அவரும் ஒப்புக்கொண்ட மாதிரித்தான் இருந்தது.

புதுத் தாள்களுக்குக் கோடு போட்டுவிட்டேன். இரத்தக்கட்டு வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரைக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன், அது ஒரு வேளையும் தவறக்கூடாது. கையால் எண்ணும் கட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. தைப்பூசத்துக்கு அவர் எங்கும் போகவில்லை என்று நீயே சொல்லிவிடு. நான் வந்து சொன்னால் சண்டை வரும்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். துணிப்பெட்டி ஒன்று, மெஷினின் பெட்டி ஒன்று. புத்தகம் அதற்குள்ளேயே இருக்கிறது, இனி அது உன் வீட்டில் இருக்கட்டும்.

கேட்டில் நின்று ராஜினி என்று ஒரு தடவை கூப்பிடுவேன். அடுப்படியில் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும், இந்தத் தடவை பதில் சொல்லு.

யோகம்